இல்லாத கருந்துளை

மழைக்கு முந்தைய வெளிச்சம். ஈயம் பூசிய வெளிச்சம். தக்கலையின் ஓடுகள் மேல், தென்னைகள் மேல், எதையோ சொல்ல வந்து நின்றுவிட்ட வெளிச்சம்.

பெனிலா மேசை முன் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். ஆறு வருடமாக ஒரு கருந்துளையைப் பற்றி ஆய்வேடு எழுதியவள். சுழலாத கருந்துளை. தூசி இல்லை, துணை இல்லை, பிறந்த நாளும் இல்லை. வெறும் வானில் தன்னந்தனியே, என்றென்றும்.

அப்படி ஒன்று எங்கும் இல்லை.

ஆய்வேட்டின் மதிப்பீட்டாளரும் அதைத்தான் கேட்டிருந்தார். இல்லாததை வைத்து இருப்பதை எப்படி அறிவீர்கள்? இன்று மாலைக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் ஆறு வருட உழைப்பும் ஏற்கப்படாமல் திரும்பி வரும்.

சுழற்சியைச் சேர்த்துப் பார்த்தாள். தூசியைச் சேர்த்தாள். பக்கத்து விண்மீனையும் சேர்த்தாள். எல்லாம் சேர்ந்ததும் சமன்பாடு வாயையே திறக்கவில்லை.

மொட்டைமாடியில் தளம் போட வந்தவர்களுக்குச் சாயா கொண்டுபோனாள். கொத்தனார் தாசையன் ஒரு மூலையில், சித்தாள் லில்லிபாய் எதிர்மூலையில். நடுவே, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடத்தில் சுவரில் கோடு போட்டார்கள்.

"மழத்தண்ணி ஓடச் சரிவாத்தான போடப்போறீரு? பொறவு மட்டம் என்னத்துக்கு வேய்?" என்றாள் லில்லிபாய்.

"மட்டம் தெரியாம சரிவ எங்கேருந்துட்டீ எடுப்ப? ஒங்க அம்ம வீட்டுலேருந்தா?"

"எங்க அம்ம வீட்டு மாடியில தண்ணி கெட்டி நிக்காது. அது நீரு போட்டதில்ல!"

பெனிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"எவ்வளவு சரிவு அண்ணே?"

"பத்தடிக்கு ஒன்றரை இஞ்சு, டீச்சர். இந்தக் கோட்டுலேருந்து."

இந்தக் கோட்டிலிருந்து. யாரும் மட்டமான மாடி கேட்கவில்லை. யாரும் கட்டப்போவதும் இல்லை. ஆனாலும் இந்தக் கோட்டிலிருந்து.

கீழே வந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கருந்துளையைக் 'கிட்டத்தட்ட உண்மை' என்று எழுதியிருந்ததை அடித்தாள். அந்தச் சொற்றொடர்தான் தவறு.

பிறகு எழுதினாள்: "ஐயா, நீங்கள் சொல்வது சரி. அப்படி ஒன்று வானில் இல்லை. அதை நான் வானத்தின் படமாக வரையவில்லை. உண்மையான கருந்துளை எவ்வளவு விலகுகிறது, எப்படி அதிர்கிறது என்று அளக்க ஒரு மட்டமாக வைத்தேன்."

மட்டம் உதவாத இடத்தையும் எழுதினாள். கருந்துளையின் நடுமையத்தில் அது கையை விரித்துவிடும். அதையும் மறைக்கவில்லை.

அவர் ஒப்புவாரா, தெரியாது. மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லாத கடிதம். அனுப்பினாள்.

ஜன்னலைத் திறந்தபோது மழை. விழுகிற எந்தத் துளியும் முழு உருண்டையாக இல்லை. ஒவ்வொன்றும் உருண்டையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க, அவளுக்கு ஆசையாக இருந்தது.