வீமன் பாடும் இடம்

என் தங்கச்சியின் மகள் சாரங்கா சென்னையில் முதுகலை படிக்கிறாள். என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம், "பாட்டு" என்று சொல்லித் தப்பிவிடுவேன். பாட்டு இல்லை, இசையமைப்பும் ஒலி வடிவமைப்பும் என்று அவள் திருத்துவாள். வட்டக்கச்சியில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ ஓட்டுகிற எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்காக ஊருக்கு வந்தவளின் முகம் தொங்கிப்போயிருந்தது. முதலில் அனுப்பிய இசையைக் கேட்டுவிட்டுப் பேராசிரியர் அம்மா ஒரே வரிதான் எழுதியிருந்தாராம்: "அழகா இருக்கு. ஆனா யாருக்கு?" உண்மையான சனம் அந்த இசையைக் கேட்டு ஏதாவது செய்யவேண்டும். அதை இந்தக் கிழமைக்குள் காட்டாவிட்டால் பட்டம் இல்லை.

"மாமா, உங்கட ஓட்டோப் பாட்டை மாத்தித் தாறன்," என்றாள்.

பாவப்பட்டு ஓமென்றேன். வேலியில் போன ஓணானை மடிக்குள் விட்ட கதைதான்.

பழைய பாட்டு உங்களுக்கே தெரியும். பாண் ஓட்டோ வரும்போது காதைக் குடைகிற அந்தக் கீச்சு. அவள் போட்டதோ வீணையும் குழலுமாக அவ்வளவு இனிமை. கேட்டு எனக்கே கண் கலங்கியது. பின்னேரம் ஒலிப்பதிவுக் கருவியோடு என் பக்கத்தில் ஒடுங்கி இருந்துகொண்டாள். புறப்பட்டோம்.

முதல் ஒழுங்கையில் ஒருவரும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சாரங்காவின் மூக்கு சிவந்துவிட்டது. எனக்கோ ஆத்திரம். இவ்வளவு நல்ல பாட்டுக்கும் அசையாத சனமா?

சாரங்காவின் எதிர்வீட்டுக் கமலாசனியின் வேலிப் படலையில் நிறுத்தி, குசினியைப் பார்த்துக் கத்தினேன். "கமலாசனி, பாண் வேண்டாமே?"

அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஐயோ யோகண்ணை, பாணோ? வீமன் ஊளை விடேல்லையே!"

வீமன் அவளுடைய நாய். படலையடியில் சொகுசாகப் படுத்திருந்தான்.

"பாட்டுக் கேக்கேல்லையோ அக்கா?" என்றாள் சாரங்கா.

"தண்ணிப் பம்ப் ஓடேக்க என்ன பாட்டுப் பிள்ளை கேக்கும்? அந்தப் பழைய பாட்டுக்கு வாய்க்கால் கரை நாய்தான் முதல் தொடங்கும். அதைக் கேட்டு மற்றது. அப்பிடியே வீமனிட்ட வரும். வீமன் விட்டா நான் ஓடி வருவன். இந்த ஊரே அப்பிடித்தான்."

நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்பார்கள். எங்கள் ஊரில் பாண் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஓட்டோ ஓட்டுகிற எனக்கு இது தெரியாது. என் பாட்டைத் தாங்கமுடியாமல் நாய்கள் அழுகின்றன என்றே நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

சாரங்கா வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள். மூன்று நாள் வீமனுக்கு முன்னால் குந்தியிருந்து, கைபேசியில் ஒவ்வொரு சுரமாகப் போட்டுக் காட்டினாள். மேலே ஏறி நீண்டு நிற்கும் ஒரு சுரத்துக்கு மட்டும் வீமன் தலையைத் தூக்கினான். அந்தச் சுரத்தைத் தன் பாட்டின் நடுவில் வைத்து, இசைத்தாளில் அடுத்த வரியை வெறுமையாக விட்டாள்.

"இதில என்ன வரும்?" என்று கேட்டேன்.

"அது வீமன் ஆக்களின்ர இடம், மாமா."

ஊருக்குப் போட்டுப் பார்க்க நேரமில்லை. மறுநாளே தேர்வு. சிக்னலுக்காக முற்றத்து மாமரத்தடியில் மேசை போட்டு, கணினித் திரையில் மூன்று பேருக்கு முன்னால் இருந்தாள் சாரங்கா. நான் படலையில் ஓட்டோவோடு நின்றேன்.

புதுப் பாட்டைக் கேட்டும் பேராசிரியர் அம்மா விடவில்லை. "இப்பவும் அழகாத்தான் இருக்கு. நடுவுல ஏம்மா காலியா இருக்கு? இது யாருக்கு?"

சாரங்கா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நான் பாட்டைப் போட்டேன்.

ஒரு நாயின் சத்தமும் இல்லை. இந்தப் பிள்ளை தோற்கக்கூடாது கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

வாய்க்கால் கரையில் ஒன்று தொடங்கியது. பிறகு அடுத்த ஒழுங்கை. கடைசியில் வீமன், சுதி பிசகாமல்.

ஈரக்கையோடு ஓடிவந்த கமலாசனி, வந்த வேகத்தில் திரைக்கு நேரே நின்றாள். "யோகண்ணை, மூண்டு றோஸ்பாண், கெதியாத் தாங்கோ!"

சாரங்கா அவளுடைய தோளைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினாள்.

"இவாவுக்கு, மேடம்," என்றாள்.

பேராசிரியர் அம்மா சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. "நீ பாஸ்மா," என்றார். "அந்த நாயும்தான்."