குறைத்துச் சொன்ன வாய்

"முதல் தடவை எப்ப வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டதும், ஒன்றைப் பத்தாக்கியே பழகிய என் வாய் வாழ்நாளில் முதன்முறையாகக் குறைத்துச் சொன்னது.

"நேத்துதாங்க."

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரே பஸ்ஸில் நானூறு பேரை ஏற்றினேன் என்று சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிவிட்டேன். அப்பேர்ப்பட்ட வாய்.

உண்மையில், இரண்டு வாரம் முன்பே என் மனைவியின் வலது கையிலிருந்து கோப்பை நழுவியது. கூழாங்கல்லை அதக்கியதுபோல் பேச்சுக் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஐந்தே நிமிடம்தான். பிறகு அவளே உடைசலைக் கூட்டி அள்ளினாள். அன்று மாலை பூங்காவில் கூட்டாளிகளுக்கு அதை நடித்துக் காட்டினேன். பெஞ்சே குலுங்கியது, மரத்துக் காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் தடவை வந்து போனபோது, வீட்டில் அவள் முன்னாலேயே நடித்தேன். நேற்று மூன்றாவது. அதை மகள் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, கார் சாவியை எடுத்தாள்.

"கழுத்துல இடப்பக்க ரத்தக்குழாய் நூலளவுதான் திறந்திருக்கு," என்றார் டாக்டர். "அடைப்புலேருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய் நின்னுட்டா பக்கவாதம்தான். குழாயைத் திறந்து சுரண்டி எடுத்துடலாம். அதுலயும் கொஞ்சம் ஆபத்து உண்டு."

என் மனைவி நிமிர்ந்தாள். "இது மூணாவது தடவை டாக்டர். இவருக்குக் கணக்கு வராது. கண்டக்டர் பாருங்க."

டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுபடுக்கை ஒரு நிமிடம் நின்றது.

"இதையும் பூங்காவுல நடிப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன்மா."

"நல்லாத்தான் நடிச்சீங்க. அந்தக் கோணவாய் மட்டும் சரியா வரல."

கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் கண் விழித்தாள். கழுத்தில் நீளக் கட்டு. நர்ஸ் குனிந்து, "அம்மா, ரெண்டு கையையும் தூக்குங்க," என்றாள். இடது கை எழுந்தது. வலதும் மெல்லப் பின்னாலேயே வந்தது.

"எங்க, ஒரு தடவை சிரிங்க பாப்போம்."

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"சார், நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைங்களேன். வாய் நேரா இருக்கான்னு பாக்கணும்."

நானூறு பேரை ஏற்றிய வாயில் ஒரு சொல்லும் ஏறவில்லை. என் உதடுதான் கோணிக்கொண்டு நடுங்கியது. அதைப் பார்த்து அவள் இடது உதட்டோரம் லேசாக உயர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.