வாங் வீட்டு வாசலில் பனி

ஆறாம் மாதம் மூன்றாம் நாள், காலைக் கஞ்சி ஆறுவதற்குள், வாங் வீட்டு வாசலுக்கு மேலே இருந்த பலகையில் பனி உறைந்தது. நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்த கோடை. பலகையில் நான்கே சீன எழுத்துகள்: பனிக்கட்டி போலத் தெளிந்தவள், ஜேட் கல் போல மாசற்றவள். பத்தொன்பது வயதில் கணவனை இழந்து பத்தாண்டுகள் தனித்திருந்த சுவெய்க்காக, வாங் குலத்தார் மாவட்ட அதிகாரியிடம் கேட்டு வாங்கி மாட்டியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் உறைந்தது. முதலாண்டு ஊதுபத்தி ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு கெடாமல் வைக்க மீன் கொண்டுவந்தார்கள். பிறகு வேர்க்குரு கண்ட குழந்தைகளைப் பாயோடு கிடத்தினார்கள். அந்தச் சந்தின் குளிரையும் ஈரக்கல் வாசத்தையும் ஷுவாங்சி ஊர்க் கிழவர்கள் இன்றும் சொல்லி ஏங்குவார்கள். ஊரே வாசலில் உட்கார்ந்தது. உள்ளே இருந்தவளோடு பேச்சுக் கொடுத்தவர் இல்லை. மனைவியை இழந்த பாங், சோயாப்பாலைத் திரட்டிய தோஃபு கட்டிகளை விற்பவன், அவன் மட்டும் தன் தட்டுகளைக் குளிரில் அடுக்கிக்கொண்டே மூடிய கதவைப் பார்த்துச் சந்தைக் கதைகள் சொல்வான். உள்ளிருந்து "பொய்" என்று குரல் வரும். பதினோரு கோடைகள் இப்படிப் போயின.

பன்னிரண்டாம் கோடையில் அவன் சொன்னான்: "சுமந்து சுமந்து முதுகு போச்சு. நீங்களே என் கடைக்கு வந்துட்டா ஒரு நடை மிச்சம்."

கதவு கொஞ்சம் திறந்தது. "நான் வந்து, பனி வராமப் போச்சுன்னா?"

"தோஃபு பூசணம் பூக்கும். பொரிச்சு விப்போம். அதுக்குன்னே நாக்கைத் தீட்டிட்டு ஆள் இருக்கு."

அவள் சிரித்தாள். எதிர்வீடு வரை கேட்டது.

குலத்தலைவர் மாவ்தாங் மூச்சிரைக்க வந்தார். "மருமகளே, குலத்து மானம் கிடக்கட்டும். ஆறாம் மாசம் நாங்க என்ன பண்றது?"

"விசிறிக்கோங்க மாமா."

மறுமணம் செய்பவள் முன்வாசலைத் தாண்டக்கூடாது. சுவெய் ஒரு துணிமூட்டையோடு பின்வாசலால் போனாள். நண்பகலுக்குள் பலகை காய்ந்தது. வாங் வீட்டார் அன்று தலைநிமிர்ந்து நடந்தார்கள், அவளுடைய மாசு தெரிந்துவிட்டதென்று. மறுநாள் தோஃபு கடையின் வெற்று நிலைக்கட்டையில் விரல் தடிமனுக்குப் பனி இருந்தது. மீன் கூடைகளும் பாய்களும் வழியை மாற்றிக்கொண்டன.

மூன்றாம் நாள் மாவ்தாங், பலகை எழுத்துச் செதுக்குபவனோடு கடைக்கு வந்தார். நெடுநேரம் பனிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வேர்வை அடங்கிற்று. செதுக்குபவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுவெய் தோஃபுவை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"மருமகளே," என்றார், பழக்கத்தில். "இங்க என்னம்மா எழுதுறது?"