சூடு தெரியாத கால்

புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் கடைசிப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வேனை எடுக்கும்போது கோவிந்தசாமி குனிந்து பார்த்துக்கொண்டார். வலது கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. சில மாதங்களாக இது ஒரு பழக்கம். கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டியிருந்தது. கால் தானாகச் சொல்வதை நிறுத்திவிட்டது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தலை நரைக்கும் வரை பள்ளி வேன் ஓட்டியவர், வேறு தொழில் தெரியாதவர், எதைச் சொல்வார்?

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை நிறுத்திவிட்டு, மனைவி கண்மணியோடு எம்ஆர்டி ரயிலில் லிட்டில் இந்தியா வந்தார். துணிக்கடைக்கு மேல்மாடியில் நரம்புப் பரிசோதனை நிலையம். உள்ளங்காலில் ஆறாமல் கிடந்த கொப்புளத்தைப் பார்த்த கிளினிக் டாக்டர், இவருக்குச் சர்க்கரையும் இருப்பதால், நரம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். கோவிந்தசாமி வந்தது தெரிந்துகொள்ள அல்ல. ஒன்றுமில்லை என்று சொல்ல வைத்துவிட்டு, மதியம் மறுபடி வேன் எடுக்க.

பரிசோதனை செய்யும் முனீரா சின்ன வயதுப் பெண். காலைக் கம்பளியில் சுற்றி வைத்தாள்.

"கால் ஜில்லுன்னு இருந்தா ரிசல்ட் தப்பா வரும் அங்கிள். கொஞ்சம் சூடாகட்டும்."

பிறகு ஒரு பஞ்சை எடுத்தாள். "தொடும்போது சொல்லுங்க."

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுது. தெரியுதுலா. இதுவும் தெரியுது."

"ஓகே. இப்போ கண்ண மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். அதே தாளத்தில், "தெரியுது" என்றார். சற்று விட்டு, "தெரியுது."

கண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க, அந்தப் பொண்ணு பஞ்ச குப்பையில போட்டுட்டு கை கழுவிக்கிட்டு இருக்கு. உங்களுக்கு எது தெரியுது?"

கோவிந்தசாமி கண்ணைத் திறந்தார். முனீரா சிரிக்கவில்லை.

"இந்தக் கொப்புளம் எப்படி ஆன்ட்டி வந்துச்சு?"

"தீமிதி" என்றாள் கண்மணி, கொஞ்சம் பெருமையாகவே. "வருஷா வருஷம் எறங்குவாரு. எப்பவும் ஓட்டமும் நடையுமாத்தான் வருவாரு. இந்தத் தடவ பார்க் கனெக்டர் நடைபாதையில வாக்கிங் போற மாதிரி நிதானமா வந்தாரு. சூடே தெரியலன்னாரு. அம்மன் அருள்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க."

கும்பிட்டவர்களுக்கு அன்று அவர் பதிலுக்குக் கைகூப்பினார். இரண்டு நாள் கழித்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வேண்டுதல் பத்தி நான் பேச மாட்டேன் ஆன்ட்டி. ஆனா நெருப்பு சுடணும். சுட்டாத்தான் காலு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

தோலின் மேல் மெஷினோடு கம்பி இணைத்த சின்னச் சின்ன ஒட்டுகளை வைத்து, முதலில் கை நரம்பில் மின்சாரம் கொடுத்தாள். கை வெடுக்கென்று துள்ளியது. மெஷின் திரையில் கோடு மேடாக எழுந்தது. பிறகு பாதத்துக்கு வந்தாள். கோவிந்தசாமி காத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாம்மா."

"கொடுத்துக்கிட்டே இருக்கேன் அங்கிள்."

திரையில் கோடு மட்டமாகக் கிடந்தது. அது தன்னுடைய கால் என்று அவருக்குப் புரிந்தது. பயமோ துக்கமோ வரவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"தங்கச்சி, நார்மல்னு போட்டு அனுப்பிடும்மா. நான் வேன் ஓட்டணும்."

"மெஷின் காட்டினதுதான் அங்கிள் டாக்டருக்குப் போகும். என்ன வேன் ஓட்டுறீங்க?"

"ஸ்கூல் வேன்."

முனீராவின் கை நின்றது. "பிரேக்ல கால் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"குனிஞ்சு பார்த்துக்குவேன்" என்றார், சாதாரணமாக.

கண்மணியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"நீங்க கீழ பாக்குறப்போ ரோட்ட யாரு பாக்குறா?" என்று கண்மணி கேட்டாள்.

முனீரா ஒட்டுகளைப் பிரித்து எடுத்தாள். காலுறையைக் கண்மணி மாட்டிவிட்டாள். அவள் விரல் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கீழே வந்து, துணிக்கடை வாசலில் நின்று, வேன் முதலாளி ஜலாலுதீனுக்குப் போன் போட்டார்.

"ஜலால், மத்தியானம் வேற ஆள அனுப்பு. இனிமே நான் ஓட்ட மாட்டேன்."

"என்னண்ணே திடீர்னு? வெளையாடுறீங்களா? காலையில நல்லாத்தானே ஓட்டுனீங்க?"

"நல்லா ஓட்டல. எதுலயும் மோதாம வந்தேன், அவ்வளவுதான். காலு செத்துப்போச்சு, மாசக்கணக்கா மறைச்சுட்டேன்."

ஜலாலுதீன் மெதுவாகக் கேட்டார். "அப்ப உங்க பொழப்புண்ணே?"

"தெரியல."

கண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்கு நன்றாகத் தெரிந்தது. குரல் அப்போதுதான் லேசாக உடைந்தது.

"என் ஒடம்பு, என் பாடுன்னு நெனச்சேன் ஜலால். அப்படி இல்ல. நம்மள நம்பி நாலு பேர் ஏறி உக்காந்துட்டா, நம்ம நோய மறைக்கிற உரிமை நமக்குக் கெடையாது. உன்கிட்ட ஓட்டுற மத்தவங்களுக்கும் சொல்லு. நோய் வர்றது குத்தமில்ல, மறைச்சுக்கிட்டு வண்டி எடுக்கிறதுதான் குத்தம்."