நடுத்துண்டு

டாமதி வந்தபோது மார்னி கில்கிறைஸ்ட் ஆய்வு அலுவலகத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கைபேசியை அவள் மேசைமேல் வைத்தான்.

"இத அனுப்பினது நீங்கதானே?"

திரையில் ஓர் இளம்பெண். எதிரே சின்ன நாற்காலியில் ஆறு மாதக் குழந்தை. குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, பிறகு முகம் கோணி வீறிட்டு அழுகிறது. படத்தில் சத்தம் இல்லை. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இப்படியே இரண்டு நிமிடம். படம் முடிந்தது.

"நான்தான்" என்றாள் மார்னி.

"அழறது நான். பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது எங்கம்மா."

அவனுடைய அம்மா மெரியானா இறந்து வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருடம். அவர்கள் வழக்கப்படி, கல்லறைக் கல்மேல் போர்த்திய துணியை அன்றுதான் எடுப்பார்கள். மூத்த பிள்ளை பேச வேண்டும். அம்மாவின் சின்ன வயதுப் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை, நான் குழந்தையாக இருந்தபோது நீங்கள் எடுத்தது ஏதும் உண்டா என்று அவன் போன மாதம் கடிதம் போட்டிருந்தான். மார்னியும் தேடி எடுத்து, 'மிகத் தெளிவான பதிவு' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவைத்தாள்.

நாட்டின் தென்தீவில் உள்ள அந்த நகரத்தில் ஒரே ஆண்டு பிறந்த இருநூற்று நாற்பது குழந்தைகளை முப்பத்தைந்து வருடமாக விடாமல் பின்தொடரும் ஆய்வு அது. முதல் சோதனை ஆறாம் மாதத்தில். தாய் இரண்டு நிமிடம் குழந்தையோடு விளையாடுவாள். அடுத்த இரண்டு நிமிடம் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்வாள். பிறகு மறுபடி கொஞ்சுவாள். தாய் முகத்தைக் குழந்தை எவ்வளவு படிக்கிறது என்று அறிய இப்படி ஓர் ஏற்பாடு. மதிப்பெண் போடுகிறவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று நடுத்துண்டை மட்டும் வெட்டி, சத்தத்தை நீக்கி, எண் போட்டு வைப்பார்கள். அப்படிப்பட்ட நடுத்துண்டுகளை இருநூறுக்கு மேல் பார்த்துச் சலித்த கண் மார்னியுடையது. முகம் அசையவில்லையா, நல்ல பதிவு. அதற்கு மேல் அதில் என்ன தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்களுக்கென்று ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது.

"டாமதி, அது சோதனை. அப்படி உக்காரச் சொன்னது நாங்க. அவங்களா அப்படி இருக்கல" என்றாள்.

"நீங்க சொன்னீங்க, சரி. நான் இப்படித் துடிக்கிறேன், நீங்க சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டு எங்கம்மா சும்மா இருந்தாங்களா?" அவன் குரல் உயரவில்லை. "அவங்க யார் பேச்சையும் கேக்கிற ஆளில்ல. அப்போ அவங்களுக்குப் பத்தொம்பது வயசு, எங்கப்பா ஓடிப்போயிட்டாரு. என்னப் புடிக்காமத்தான் இருந்திருக்கும். பத்து நாளா இதேதான் ஓடுது மனசுல. சனிக்கிழமை தம்பியப் பேசச் சொல்லிட்டேன்."

அவனுக்குப் பதில் அலமாரியில் இருந்தது. வெட்டாத ஒளிநாடா, சத்தத்தோடு. அதில் என்ன இருக்கிறது என்று மார்னிக்குத் தெரியும். பழைய நாடா, பாழாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. அவள் எழுந்து போய் நாடாவை எடுத்து வந்து கருவியில் போட்டாள்.

மெரியானா குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து ஊதினாள். குழந்தை கெக்கலித்தது. அவள் சிரித்த சத்தத்தில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. டாமதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

மணி அடித்தது. அவள் முகம் அணைந்தது. குழந்தை அழத் தொடங்கி அரை நிமிடம் இருக்கும். உதட்டை அசைக்காமல் மெரியானா கேட்டாள்: "ஏம்மா, புள்ள இப்படி அழுவுதே, தூக்கிக்கட்டுமா?"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓர் இளங்குரல்: "இன்னும் ஒரு நிமிஷந்தான். அசையாதீங்க. நீங்க எழுந்துட்டா பையன் பேரையே ஆய்வுலேர்ந்து எடுத்துருவோம்."

"அது நான்" என்றாள் மார்னி.

குழந்தை விடாமல் அழுதால் நிறுத்திவிட வேண்டும் என்பதே விதி. அந்த மாதம் நான்கு பதிவுகள் அப்படிப் பாதியில் நின்று வீணாகியிருந்தன. இருபத்துமூன்று வயது மார்னிக்கு ஐந்தாவதை விட மனமில்லை. அவள் சொன்னதும் பொய். யார் பேரையும் எடுக்கும் வழக்கமே கிடையாது. சுற்றிவளைப்பானேன், செய்வது தப்பு என்று அவளுக்கு அன்றே தெரியும்.

இரண்டாம் மணி அடித்து முடிக்கும் முன்பே மெரியானா பிள்ளையை வாரி எடுத்திருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். கழுத்தோடு சேர்த்து அணைத்து, "அம்மா இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாடா தீரும்வரை அவனைக் கீழே வைக்கவில்லை.

டாமதி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆய்வுல என் பேரு இருந்தாத்தான் பின்னால எனக்குப் படிக்க எடம் கெடைக்கும்னு நெனச்சிருப்பாங்க" என்றான். "அதுக்காக உக்காந்திருக்காங்க."

"என்ன மன்னிச்சிருங்க டாமதி."

"எங்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" அவன் எழுந்தான். "சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்லறைக்கு வாங்க. எங்க சனத்துல செத்தவங்கள நேராப் பாத்துத்தான் பேசுவோம், தெரியுமில்ல. மொதல்ல நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் நான் பேசறேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"அவங்க அன்னிக்குக் கேட்டது உங்கள மட்டுந்தான்" என்றான் டாமதி. "பதில் சொல்ல நீங்கதான் வரணும்."