மண் தெரியாத வீடு

காளவாசலில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ராஜபாண்டியின் வீட்டில் காலை ஏழு மணிக்கெல்லாம் எல்லா வேலையும் முடிந்துவிடும். சமையலுக்கு ஓர் ஆள், பாத்திரம் கழுவ ஓர் ஆள், துணிக்கு மெஷின். வாசலில் கோலம்கூட ஸ்டிக்கர் கோலம்தான். அந்த வீட்டுக்காரி பாண்டிமீனா சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ராசாத்தி மாதிரி இரு. ஒரு துரும்பக்கூட எடுத்து வைக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் ராஜபாண்டி தினமும் கடைக்குக் கிளம்புவார். பாசத்தில்தான் சொல்வார். கெட்டவன் செய்கிற கொடுமை என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நல்லவர் செய்கிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் தலையை ஆட்டி வைப்பாள்.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய அம்மா மலையம்மாள் திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவள். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். காய்ச்சலோடு நட வந்த ஒருநாள், இடுப்பு வலி தாங்காமல் சற்றே நிமிர்ந்துவிட்டாள். வரப்பில் குடை பிடித்து நின்ற நிலத்துக்காரர் அத்தனை பேர் முன்னால் அவளை என்ன வார்த்தை சொன்னார் என்பதைப் பத்து வயது ராஜபாண்டி காதால் கேட்டார். அம்மா ஐம்பதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தாள். 'என் வீட்டுப் பொம்பள கையில இனி மண்ணு படாது' என்று அம்மா போன அன்றைக்கு மனசுக்குள் சத்தியம் செய்தவர்தான்.

அதனால்தான் சொந்த வீடு கட்டியபோது உள்ளங்கையளவு மண்ணைக்கூட விட்டு வைக்கவில்லை. கொல்லையில் நின்ற முருங்கையை வெட்டிவிட்டு, காம்பவுண்டுச் சுவர்வரை டைல்ஸ் பதித்தார். "வெறுங்காலோட சுத்துனாலும் ஒரு பொட்டு மண்ணு ஒட்டாது மாப்ள!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

மகள் தமிழ்வாணி கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போனதிலிருந்து பாண்டிமீனாவுக்குத் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கை கால் மரத்துப்போனது மாதிரி இருக்கிறது என்றாள். ராஜபாண்டி பதறிப்போய் ஸ்கேன், ரத்தம் என்று எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "மனசுக்குப் பிடிச்ச மாதிரி கை காலை அசைச்சு ஏதாவது வேலை பார்க்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர். ராஜபாண்டி நேராகப் போய் ஒரு வாக்கிங் மெஷின் வாங்கி வந்தார்.

நாலு நாள் அதில் நடந்தாள். "எம்புட்டு நடந்தாலும் அதே செவுருதானங்க முன்னாடி நிக்குது?" என்றாள். ஐந்தாம் நாள் அதன்மேல் துண்டு காய்ந்தது.

சித்திரை பிறந்ததும் அவளே வாய் திறந்து ஒன்று கேட்டாள். "திருவாதவூர்ச் சாமிக்கு வேண்டிக்கிட்டேன். இருபத்தோரு நாள் தொடர்ந்து போயிட்டு வாரேன்."

அந்தச் சாமி கை கால் வாதத்தைத் தீர்த்துவைக்கும் என்பார்கள். "கார்ல போயேன்" என்றார்.

"வேண்டுதல்ங்க. பஸ்லதான் போகணும்."

பத்தே நாளில் ஆள் மாறிப்போனாள். ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஒன்பது மணிக்குப் படுத்தால் குறட்டை. அந்தக் குறட்டையை ராஜபாண்டி விழித்திருந்து ரசித்துக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! புண்ணியத்தைச் சாமிக்குப் பாதியும் மெஷினுக்குப் பாதியுமாகப் பிரித்துக் கொடுத்தார். டைல்ஸ் வாங்க வந்த நாலைந்து பேரை மெஷினும் வாங்க வைத்தார்.

இருபத்தோராம் நாள் மத்தியானம் கொத்தனார் அழகுபாண்டி கடைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. திருவாதவூர்ல உங்க தோட்டத்துப் பக்கம் அண்ணியப் பாத்தேன். சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, தலையில சாணிக்கூடையோட போறாக..."

விலை ஏறினால் விற்கலாம் என்று அங்கே நாற்பது சென்ட் வாங்கிப் போட்டிருந்தார் ராஜபாண்டி. காவலுக்கு வீரணன் குடும்பம். தன் பெண்டாட்டி அங்கே சாணி சுமக்கிறாளா? அம்மாவின் சேற்றுப்புண் கண்ணில் வந்து நின்றது. காரை எடுத்தார்.

தோட்டத்தில் இறங்கும்போது வானம் கறுத்திருந்தது. வேப்பமரத்தடியில் படுத்திருந்த வீரணன் அடித்துப் பிடித்து எழுந்தான்.

"எவன்டா அவளச் சாணி அள்ளச் சொன்னது?"

"ஆத்தாடி, நான் சொல்லலண்ணே! எம்பொண்டாட்டி மாயக்காள், எங்க மகளுக்குப் பேறுகாலம் பாக்கத் திருப்பூர் போயிட்டா. அண்ணி மொத நாளு கோயிலுக்கு வந்தவுக, இங்க வந்து வாடிக் கெடந்த கத்திரிக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனாக. மறுநாளும் வந்துட்டாக. வேணாம்னு தடுத்தா, என்னையத் தள்ளி நிக்கச் சொல்றாக."

ராஜபாண்டி சுற்றிப் பார்த்தார். கத்திரி பூத்திருந்தது. பாத்தியில் சிறுகீரை அறுப்புக்கு நின்றது. வேலியோரம் கிளையை வெட்டி நட்டிருந்த முருங்கைப் போத்தில் தளிர் விட்டிருந்தது. கொட்டகைக்குள் பாண்டிமீனா ஒரு கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மீனா!"

"சத்தம் போடாதீக" என்றாள் திரும்பாமலே. "கோழி அடையில இருக்கு. நான் வந்த அன்னைக்கு வச்சது. இன்னைக்குப் பொரிக்கிற நாளு."

கடையில் பத்துப் பேரை அதட்டுகிற மனிதர் ஒரு கோழிக்குப் பயந்து குரலைத் தணித்தார். கோபத்தைக் கிசுகிசுவென்று பேசிப் பாருங்கள், பாதி அங்கேயே செத்துவிடும்.

"கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிருக்க."

"கோயிலுக்கும் போனேன். மிச்சத்தச் சொன்னா விட்டிருப்பீகளா?"

"விட மாட்டேன். எங்கம்மா பட்டது போதாதா? இன்னைக்கோட சரி. இந்தத் தோட்டத்த நாளைக்கே வித்துர்றேன். நீ வீட்ல இரு."

அவள் முகம் செத்துப்போயிற்று. மறுபடியும் அந்தச் சோபா, அந்தச் சுவர். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கொட்டகையே அதிர ஓர் இடி இடித்தது.

"ஏய், கூடையில கரித்துண்டும் இரும்பும் போட்டியா இல்லையா?" ராஜபாண்டி தன்னை மறந்து கத்தினார். "இடிச்சா முட்ட பொரிக்காம கூமுட்டையாயிருமே!"

பாண்டிமீனா திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு இரண்டு வருஷம் ஆயிற்று.

"போட்டிருக்கேன். உங்க கார் டிக்கியில கெடந்த ஸ்பேனர்தான் இரும்பு."

மூன்று வாரமாக அவர் தேடிய ஸ்பேனர். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் அவரும் பக்கத்தில் குத்தவைத்தார்.

"ஒண்ணு கேக்கேன். உங்கம்மாவ மண்ணா வஞ்சுச்சு?" என்றாள் அவள். "வரப்புல குடை புடிச்சு நின்னவன்தான வஞ்சான்? கோவத்த அவன் மேல வைக்காம மண்ணு மேல வச்சுட்டீக. உக்காந்து உக்காந்து இந்தக் கை எதுக்கு இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சுங்க. இங்க வந்து ஒரு கொடம் தண்ணி ஊத்துனேன். மறுநாளு அந்தச் செடி நிமிந்து நின்னுச்சு. நானும் நிமிந்துட்டேன்."

'நிமிந்துட்டேன்' என்ற சொல்லில் ராஜபாண்டிக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். அம்மா நிமிர்ந்ததற்குத்தானே அன்றைக்கு ஏச்சு வாங்கினாள்? தன் வீட்டில் ஒருத்தி நிமிர்வதை இப்போது தானே தடுக்கிறோமே என்று நெஞ்சு சுட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூடைக்குள் 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. தாய்க்கோழியின் இறக்கைக்கடியிலிருந்து ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மழை பிடித்துக்கொண்டது. இருவரும் அங்கேயே உட்கார்ந்து எண்ணினார்கள். வைத்த பதினொன்றில் ஒன்பது பொரித்தது.

"தோட்டத்த நாளைக்கே விக்கணுமா?" என்று கேட்டாள்.

"வாய மூடு" என்றார் ராஜபாண்டி. "மாயக்காள் வந்தாலும் நீ வந்துக்க. ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்து, கொல்லையில் தானே பதிக்க வைத்த டைல்ஸைத் தானே பெயர்த்தார். உள்ளங்கை கொப்பளித்தது. அந்த இடத்தில் பாண்டிமீனா ஒரு முருங்கைப் போத்தை நட்டாள்.

அந்த வாரமே கடைக்கு ஒருவர் வந்தார். புது வீடாம். "வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் போட்டுருங்கண்ணே. மண்ணே தெரியக் கூடாது" என்றார்.

ராஜபாண்டி கொப்பளித்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கொல்லையில நாலடி விட்டுருங்க தம்பி. டைல்ஸ் விக்கிறவனே சொல்றேன், கேட்டுக்கங்க. அடுத்தவன் அதட்டலுக்குப் பயந்து குனியிறதுதான் கேவலம். நம்ம வீட்டு மண்ணுல நாமளா குனிஞ்சு பாடுபடுறது கேவலம் இல்ல, அதுதான் சொகம். அந்தச் சொகத்த வீட்ல உள்ளவுக கையில இருந்து நாம புடுங்கிறக் கூடாது."