எழுபது நிமிடம்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது போய்ச் சேர வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் வேலை. அப்படிப்பட்ட மனுஷன் ஐரோப்பாவுக்கு ஒரு பயணத் திட்டம் போட்டு, எனக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் செய்துவிட்டார்.

போக வேண்டியது இரண்டே ஊர். மகள் இருக்கும் ஊரில் விமானம் இறங்கும். அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் என் தம்பி இருக்கும் ஊர். அவனுக்கு வியாழக்கிழமை காலை இதய ஆபரேஷன். நெருங்கிய சொந்தம் இருந்தால் முன்னாடியே வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? புதன்கிழமை சாயங்காலம் அவன் கட்டில் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் விட மாட்டார்கள்.

விமானம் அன்று மதியம் ஒன்று நாற்பதுக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அது அந்த ஊர் நேரம். இவருக்கோ டிப்போ சுவரில் தொங்கிய கடிகாரம்தான் உலகத்துக்கே கடிகாரம். அதை நம் நேரம் என்று நினைத்து, நேர வித்தியாசத்தைக் கழித்து, காலையிலேயே இறங்கிவிடுவோம் என்று பன்னிரண்டு மணி ரயிலில் இடம் பிடித்துவிட்டார். இறங்குவதற்கு முன்னாடியே எப்படி ரயில் ஏறுவீர்கள் என்று மகள் போனில் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ரயில் இரண்டு ஐம்பது. அதை விட்டால் நாலு ஐம்பது. அது போய்ச் சேரும்போது ஏழு இருபது ஆகிவிடும். ஆக, இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, ஸ்டேஷனுக்கு நடந்து ரயில் பிடிக்க எழுபது நிமிடம். பெட்டியே வேண்டாம், கைப்பை போதும் என்றேன். ஓட்டமும் நடையுமாகப் போனால் பிடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வழியைப் படம் போட்டு அனுப்பியிருந்தார். இவர் மசியவில்லை. மூன்று நாளாக அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடியாது, முடியாது என்று முனகிக்கொண்டிருந்தார். நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"உங்க தம்பியா இருந்தா இப்படி உட்கார்ந்திருப்பீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் பென்சிலை வைத்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

"எழுபது நிமிஷம் உனக்குப் போதும். என் முட்டிக்குத்தான் போதாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமானதிலிருந்து பக்கத்து ஊருக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. என்னைத் தனியாக அனுப்பாமல் இருக்க ஒரு வழி தேடித்தான் மனுஷன் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

"வண்டி நடுவழியில நின்னா என்ன பண்ணுவோம்?" என்றார். "ஆளுங்கள அடுத்த வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, டிரைவர் வண்டியோட நிப்பான். நீ முன்னாடி போ. நான் நாலு அம்பதுல வரேன்."

பயமாக இருக்கிறது என்றேன். தனக்கும்தான் என்றார்.

மறுநாள் காலை கைப்பையில் துணியை அடைத்துத் தோளில் மாட்டினேன். தெருமுனைத் தண்ணீர்த்தொட்டி வரை இரண்டு தடவை போய்த் திரும்பினால், படத்தில் இருந்த தூரம் சரியாக வந்தது. யாராவது துரத்துகிறார்களா என்று எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலிலிருந்து கேட்டார். நான் மூச்சு வாங்க வந்து நின்றேன். வாசலில் கடிகாரத்தோடு நின்றவர், பதினாறு நிமிடம், பாஸ்போர்ட் வரிசை போக மிச்சம் பதிமூன்றுதான், அதற்குள் வர வேண்டும் என்றார்.

மறுபடியும் கிளம்பினேன். பாதித் தெருவில் பின்னால் காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். இவர்தான், முழங்காலைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். வழக்கம்போல நின்றுவிட்டேன்.

"அங்கேயும் நான் பின்னாடி இப்படித்தான் வருவேன்," என்றார். "எனக்காக நிக்கக் கூடாது. தம்பி காத்திருக்கான். ஓடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.